சிஜி ரத்தம் ஏன் தக்காளி சோஸ் மாதிரி இருக்கு? மஸ்கெலியா ஷாட்டுக்கு கொஞ்சம் நீளமான பதில்

தம்பி, உங்க கேள்வியை ஒருக்கா சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், அப்பதான் படிக்கிற மத்தவங்களுக்கும் விளங்கும். மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல குறும்படம் எடுத்திருக்கீங்க, அண்ணன் தம்பி சண்டை, தேயிலைச் செடியை வெட்டி விடுற கவ்வாத்து கத்தி தம்பிக்காரன் முழங்கைக்கு கீழ பட்டுடுது, சட்டை கைப்பக்கம் ரத்தம் ஊறுது, வெரல் நுனியில இருந்து மண்ணுல சொட்டுது. நெட்ல சும்மா கெடச்ச ரத்த கிளிப்பை மேல ஒட்டியிருக்கீங்க, சொட்டை மட்டும் பிளெண்டர்ன்ற 3டி சொஃப்ட்வெயார்ல செஞ்சிருக்கீங்க, காட்டுன எடத்துல எல்லாம் தக்காளி சோஸ்னு சிரிச்சிட்டாங்க. பிளெண்டர் பத்தாதா, ஹூடினின்ற இன்னும் பெரிய சொஃப்ட்வெயார் படிக்கணுமா, புது லெப்டொப் எடுக்கணுமான்னு கேட்டிருக்கீங்க.

ஒன்னும் எடுக்க வேணாம். லீசிங்ல மாட்டிக்காதீங்க. நான் பண்டாரவளையில வீட்டுல இருந்தே கொம்போசிட்டிங் வேலை செய்றேன், அதாவது எடுத்த படத்து மேல வேற படத்தை ஒட்டி ஒன்னாக்குற வேலை, விளம்பரம், டெலிடிராமா, எப்பவாச்சும் ஒரு படம், ரத்த ஷாட் நெறைய செஞ்சிருக்கேன், அதுல முக்கால்வாசியில சிமுலேஷன், அதாவது ரத்தம் ஓடுறதை கொம்பியூட்டரே கணக்கு போட்டு காட்டுறது, அந்த பேச்சே கெடையாது. உங்க ஷாட்டை திருப்பி திருப்பி போட்டு பாத்தேன். பிரச்சினை வேற எங்கயோ இருக்கு: அன்னைக்கு தூறல். பையன் சட்டை நனைஞ்சு ஒடம்போட ஒட்டியிருக்கு, கையில தண்ணி வழியுது, பின்னால பனி மூடி மலையே தெரியல. ஆனா நீங்க வச்ச ரத்தம் எங்கயோ ஒரு ஸ்டூடியோவுல நல்ல லைட்டுல காஞ்ச துணியில எடுத்த ரத்தம். மழையில நிக்கிற பையன் மேல வெயில்ல காஞ்ச ரத்தம். பாக்குறவங்களுக்கு இத சொல்ல தெரியாது, சோஸ்னு சிரிப்பாங்க, அவ்வளவுதான்.

நனைஞ்ச ஒடம்புல ரத்தம் எப்பிடி போகும்னு நம்ம ஆளுங்களுக்கு யாரும் சொல்லி குடுக்க தேவையில்ல. மழை நாள்ல மலைக்கு ஏறுனா அட்டை கடிக்காம யாரு வாறா. கடிச்சது தெரியவே தெரியாது, வீட்டுக்கு வந்து சப்பாத்தை கழட்டுறப்பதான் கணுக்கால்ல இருந்து கோடு கோடா எறங்கியிருக்கும். போன ஐப்பசியில எனக்கு அப்பிடித்தான், அம்மா உப்போட ஓடி வாறாங்க, நான் இருங்கம்மா இருங்கன்னு போனை எடுத்து வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கேன், அவங்க ஏசுன ஏச்சு முழுக்க அந்த கிளிப்ல பதிஞ்சிருக்கு. ஆனா என்கிட்ட இருக்கிறதுலயே நல்ல ரெஃபரன்ஸ் அதுதான்.

அதுல என்ன தெரியுதுன்னா, கடிச்ச எடத்துல சின்னதா ஒரு மணி மாதிரி நிக்குது, அது கிட்டத்தட்ட கறுப்பு. அங்கருந்து எறங்குற கோடு நடுவுல கருஞ்செவப்பு, ஓரத்துல நல்ல செவப்பு. ஈரமா இருந்த எடத்துல கோடு ஒடஞ்சு அகலமா பரவி ரோஸ் கலர் ஆயிடுது. மயிர்க்கால் இருக்கிற எடத்துல கொஞ்சம் நின்னு சேந்து, பாரம் தாங்காம சட்டுனு எறங்குது, திருப்பி நிக்குது. ஒரே வேகத்துல எறங்குற கோடு ஒன்னுகூட இல்ல. ஒன்னு மட்டும் கவனம், அட்டை எச்சில்ல ரத்தத்தை உறைய விடாத சாமான் இருக்கு, அதனால அது நேரம் போனாலும் தண்ணியா வந்துக்கிட்டே இருக்கும். கத்தி வெட்டு அப்பிடி இல்ல, சில நிமிசத்துல உறைய ஆரம்பிச்சிடும், ஓரத்துல இருந்து காயும், காய காய செவப்பு போய் மண் கலருக்கு மாறும். அதனால ஓட்டத்துக்கு அட்டைக்கடி வீடியோவை பாருங்க, காயுறதுக்கு பாக்காதீங்க. இதுக்காக அட்டைக்கு காலை குடுக்க சொன்னேன்னு வீட்டுல போய் சொல்லிடாதீங்க.

அந்த கறுப்பு, செவப்பு, ரோஸ் மூனும் ஒரே ரத்தம்தானே. கலரை முடிவு பண்றது தடிப்பு. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் நீலம், பச்சை வெளிச்சத்தை நல்லா குடிச்சிடும், 415 நானோமீட்டர் கிட்ட பயங்கரமா, 540, 577 கிட்டயும் நல்லா, 600 தாண்டுன செவப்பை மட்டும் கொஞ்சம் தாராளமா விடும். மெல்லிசா இருந்தா பச்சை நீலம் பாதி தப்பி வந்துடும், அதனால ரோஸ். தடிச்சா செவப்பும் கொறஞ்சுடும், அதனால கறுப்பு. நீங்க கலர் விண்டோவ திறந்து ஒரு செவப்பை தெரிவு செஞ்சு முழுக்க பூசினா அது பெயிண்ட்தான். 255, 0, 0ன்னு முழுச் செவப்பு போட்டா சொல்லவே வேணாம்.

இத கொம்போசிட்ல செய்யிறது லேசு. ரத்தம் இருக்கிற எடத்தை மட்டும் காட்டுற மாஸ்க்கை எடுங்க, நடுவுல கூடவும் ஓரத்துல கொறஞ்சும் வாற மாதிரி உள்பக்கமா ப்ளர் பண்ணி தடிப்பு மேப் ஒன்னு உண்டாக்குங்க, மேல கொஞ்சம் நாய்ஸ். பிறகு ஒரு அடிப்படை கலர், நான் லீனியர்ல, அதாவது நெச வெளிச்ச அளவுல, செவப்பு 0.75, பச்சை 0.08, நீலம் 0.06ல ஆரம்பிப்பேன் (0 கறுப்பு, 1 முழு வெளிச்சம்), அதை தடிப்போட பவருக்கு ஒசத்தி பின்னால இருக்கிற படத்தோட பெருக்கிடுங்க. தடிப்பு 0.2ன்னா அது 0.94, 0.60, 0.57, அப்பிடியே ரோஸ். 4ன்னா செவப்பு 0.32, மத்த ரெண்டும் பூச்சியம்னே வச்சுக்கலாம். 10ன்னா செவப்பே 0.06, கறுப்பு மணி வந்துடுச்சு. ஒரே கணக்குல என் கணுக்கால்ல பாத்த மூனு கலரும் வருது பாருங்க. டாவின்சி ரிசால்வ் ஃபிரீ வேர்ஷன்ல ஃபியூஷன் இருக்கு, அதுல கஸ்டம் டூல்னு ஒரு நோட், இந்த ஒரு வரி கணக்கை அதுல எழுதிடலாம். லீனியர்ல செய்யணும், அத மறந்தீங்கன்னா ஓரமெல்லாம் அழுக்கு மாதிரி வரும்.

பெருக்குறதால இன்னொரு நன்மை, தோலோட மடிப்பு, சட்டையோட நூல், எல்லாம் ரத்தத்துக்கு கீழ தானாவே தெரியும். உங்க கிளிப்பை நீங்க ஸ்கிரீன் மோட்ல வச்சிருக்கீங்க போல, கறுப்பு பின்னணியை ஒழிக்க எல்லாரும் செய்ற வேலை அது. ஸ்கிரீன் வெளிச்சத்தை கூட்டும். ரத்தம் வெளிச்சத்தை கொறைக்கிற சாமான். பையன் கையில செவப்பு டோர்ச் அடிச்ச மாதிரி இருக்குன்னு உங்க ஃபிரெண்ட் சொன்னாருன்னு எழுதியிருந்தீங்களே, அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு.

இனி பனி. நம்ம ஊர்ல எடுக்கிற படத்துக்கு இது ரொம்ப முக்கியம், வெளிநாட்டு டியூட்டோரியல்ல யாரும் சொல்ல மாட்டாங்க. பனி மூட்டத்துல எந்த கறுப்பும் கறுப்பா இருக்காது, கெமராவுக்கும் ஆளுக்கும் இடையில இருக்கிற பனி எல்லாத்து மேலயும் ஒரு சாம்பல் திரையை போட்டுடும். உங்க ஷாட்டுல பையன் தலைமயிரை எடுத்து அளந்து பாத்தேன், ஆக இருட்டான எடமே 0.05 கிட்டத்தான் நிக்குது, அதுவும் கொஞ்சம் நீலம் கலந்து. உங்க ரத்தத்துல பூச்சியம் இருக்கு! அவன் மயிரை விட ரத்தம் கறுப்பு, அதனால அது அவன் மேல இல்லாம கெமரா கண்ணாடி மேல ஒட்டுன மாதிரி முன்னால வந்து நிக்குது. எல்லாம் செஞ்சு முடிச்சிட்டு கடைசியில ரத்தத்தோட அடிமட்டத்தை அந்த மயிரோட அளவுக்கு தூக்கி விடுங்க. ரெண்டு நிமிச வேலை. இந்த ஒன்னை மட்டும் செஞ்சாலே பாதி சிரிப்பு நின்னுடும்.

மினுக்கமும் அதே கதைதான். வெயில்ல ரத்தத்து மேல சின்ன கூரான வெள்ளைப் புள்ளி விழும். மூட்டமான நாள்ல வானம் முழுக்க ஒரே லைட், அதனால ரத்தத்தோட மேல்பக்கம் முழுக்க மங்கலான அகலமான ஒரு வெளுப்பு ஓடணும், கீழ்ப்பக்கத்துல தேயிலைச் செடியோட இருட்டு தெரியணும். ஹொலிவுட்காரன் க்ரோம் பந்து வச்சு படம் எடுப்பான், நம்மகிட்ட சில்வர் அகப்பை இருக்கு. அதோட முதுகுப் பக்கத்தை, ரத்தம் வரப்போற எடத்துல, கை இருக்கிற உயரத்துல பிடிச்சு ஒரு ஃபோட்டோ. எந்தப் பக்கம் வெளிச்சம், எவ்வளவு அகலம், எங்க கறுப்புன்னு எல்லாமே அதுல இருக்கும். ஷூட்டிங் முடிஞ்சிட்டாலும் பரவால்ல, அதே மாதிரி ஒரு மூட்டமான காலையில அதே எடத்துக்கு போய் எடுங்க, மஸ்கெலியாவுல மூட்டத்துக்கா பஞ்சம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. தேயிலை மலைக்கு நடுவுல நின்னா சுத்தி இருக்கிற பச்சையில இருந்து ஒரு பச்சை வெளிச்சம் எல்லார் மேலயும் படும், முகத்துல நாடிக்கு கீழ பாத்தா தெரியும். ரத்தம் பச்சையை குடிச்சிடும்னு சொன்னேன் இல்லையா, அதனால அந்த வெளிச்சம் தோல்ல தெரியும், ரத்தத்துல தெரியாது, ரத்தம் இன்னும் இருட்டாத்தான் இருக்கும். ஆனா மேல ஓடுற மினுக்கத்துல மட்டும் பச்சை தெரியும், ஏன்னா அது உள்ள போகாம மேலயே பட்டு திரும்புற வெளிச்சம். செவப்பு ரத்தத்துல பச்சை மினுக்கம் வைக்க கை கூசும். தைரியமா லேசா வைங்க.

சரி, வெட்டு விழற நேரம். உங்க எடிட்ல கத்தி பட்ட அதே ஃப்ரேம்ல ரத்தம் பீச்சி அடிக்குது. வீட்டுல காய் நறுக்கறப்ப வெரல்ல பட்டா என்ன நடக்கும்னு யோசிங்க. முதல்ல ஒன்னும் இருக்காது, தோல் பிரிஞ்சு உள்ள வெளுப்பா ஒரு கோடு, ஐயோ வெட்டிடுச்சான்னு பாத்துக்கிட்டு இருக்கறப்பதான் புள்ளி புள்ளியா ஊறி, புள்ளியெல்லாம் சேந்து கோடாகி, பிறகு வழியும். அந்த அரை செக்கன், ஒரு செக்கன் இடைவெளி இருக்கே, செக்கனுக்கு 25 ஃப்ரேம்னா ஒரு 12லருந்து 25 ஃப்ரேம், அதுல ரத்தமே வேணாம். பையன் தன் கையையே பாக்குறான், வெளுப்பா ஒரு கோடு, சத்தமில்ல. பிறகு வரட்டும். பாக்குறவங்களுக்கு கூசும், நீங்க ஒரு சொட்டும் செலவழிக்கல.

பீச்சி அடிக்கணும்னு டைரக்டர் பிடிவாதம் பிடிச்சா அது தமனி வெட்டு, அதுக்கு தாளம் வேணும், இதயம் துடிக்கிற தாளம். சண்டை போட்டவனுக்கு நிமிசத்துக்கு 120 துடிப்புன்னு வச்சா அரை செக்கனுக்கு ஒரு தரம், அதாவது 12, 13 ஃப்ரேமுக்கு ஒரு எழுச்சி. குழாய் திறந்து விட்ட மாதிரி ஒரே சீரா வந்தா பொய்யின்னு உடனே பிடிபட்டுடும். ஆனா அத செய்யாதீங்கன்னுதான் சொல்வேன், தம்பி வெட்டுப்பட்டு வீட்டுக்கு நடந்து போறான்னு உங்க கதையிலயே இருக்கு, தமனி வெட்டுன ஆள் அவ்வளவு தூரம் பேசிக்கிட்டு நடக்க மாட்டான்.

சொட்டுக்கு வருவோம், சிமுலேஷன்ல எல்லாரும் தடுக்கி விழற எடம் இது. தொங்குற கையோட வெரல் நுனி நெலத்துல இருந்து ஒரு 70 சென்டிமீட்டர். அங்கருந்து விழற சொட்டு கீழ வர 0.38 செக்கன், அதாவது ஒன்பதரை ஃப்ரேம். தரைக்கு கிட்ட வாறப்ப வேகம் செக்கனுக்கு 3.7 மீட்டர். ஷட்டர் ஒரு செக்கன்ல 50ல ஒன்னுன்னா அந்த ஒரு ஃப்ரேமுக்குள்ளயே 7 சென்டிமீட்டர் போயிடுது. அப்ப கெமராவுக்கு தெரியுறது உருண்டை சொட்டு இல்ல, 7 சென்டிமீட்டர் நீளத்துல மங்கலா ஒரு கோடு. உங்க ஷாட்டுல அழகா உருண்டையா, முத்து மாதிரி, 30 ஃப்ரேமுக்கு மேல மெதுவா எறங்குது.

ஏன் மெதுவா எறங்குதுன்னும் சொல்றேன். பிளெண்டர்ல திறந்தவுடனே வாற க்யூப் 2 மீட்டர், நீங்க கையை அதுக்கு பக்கத்துல பார்வைக்கு அளவா செஞ்சிருப்பீங்க, 6 மீட்டர்ல ஒரு கை. நெசத்தை விட 10 மடங்கு பெருசு. புவியீர்ப்பு அதே 9.8தான், அப்ப சொட்டு விழ எடுக்கிற நேரம் ரூட் பத்து மடங்கு, 3.2 தரம் கூடும், ஒன்பதரை ஃப்ரேம் 30 ஆயிடுச்சு. ராட்சசன் கையில இருந்து வாளி வாளியா விழற மாதிரி இருக்கறதுக்கு காரணம் இதுதான். கையை 60 சென்டிமீட்டருக்கு கொறைங்க, ஸ்கேலை அப்ளை பண்ணுங்க, பிறகு சிமுலேட் பண்ணுங்க.

அடுத்த தப்பு, ரத்தம் கெட்டின்னு நெனச்சு பிளெண்டர்ல தேனுக்குன்னு ரெடியா இருக்கிற ஹனி ப்ரீசெட் போடுறது. ரத்தத்தோட பிசுபிசுப்பு தண்ணியை விட மூனு நாலு மடங்கு, அவ்வளவுதான், தேனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பிளெண்டர்ல லிக்விட் டொமைன், அதாவது சிமுலேஷன் நடக்கிற பெட்டி, அதோட செட்டிங்ல டிஃபியூஷன்னு ஒரு பெனல் இருக்கும், அங்க தண்ணிக்கு பேஸ் 1, எக்ஸ்போனண்ட் 6. ரத்தத்துக்கு பேஸ் 3.3, எக்ஸ்போனண்ட் அதே 6. போட்டுப் பாத்தா தண்ணிக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது, அது சரிதான், பறக்கிற நேரத்துல நெச ரத்தமும் கிட்டத்தட்ட தண்ணி மாதிரித்தான் பறக்கும். கெட்டின்னு நமக்கு தோணுறது அது எங்கயாச்சும் போய் ஒட்டி நிக்கிறப்பதான், அதையும் ஒறைஞ்ச ரத்தத்தையும் போட்டு கொழப்பிக்கிறோம்.

ரெசலூஷனுக்கு ஒரு சின்ன கணக்கு. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலீட்டர், குறுக்களவு நாலரை மில்லிமீட்டர். 1 மீட்டர் டொமைன்ல ரெசலூஷன் 256 போட்டா, அதாவது அத 256 துண்டா பிரிச்சா, ஒரு செல் 3.9 மில்லிமீட்டர், உங்க சொட்டே ஒரு செல்தான், அது எப்பிடி ஒழுங்கா உடையும். ரெசலூஷனை ரெண்டு மடங்காக்கினா மெமரி எட்டு மடங்கு, லெப்டொப் செத்துடும். டொமைனை சின்னதாக்குங்க, கையைச் சுத்தி 20 சென்டிமீட்டர் மட்டும், 200 போட்டா செல் 1 மில்லிமீட்டர். விழற சொட்டுக்கு சிமுலேஷனே வேணாம், ஒரு பார்ட்டிக்கிள், அதாவது ஒத்தைத் துகள், போதும், மோஷன் ப்ளர் மீதியை பாத்துக்கும். இன்னொன்னு, பேக் பண்றதுக்கு, அதாவது சிமுலேஷனை கணக்கு போட்டு சேமிக்கிறதுக்கு, முதல்ல கேஷ் டைப்பை மொடியுலர்னு மாத்தி ரிசியூமபிள் டிக்கை போட்டுக்கோங்க. நான் ஒருக்கா ராத்திரி முழுக்க பேக் போட்டுட்டு படுத்தேன், விடிய மூனு மணிக்கு இடி, கரண்ட் போச்சு, லெப்டொப் பெட்டரி வேற செத்தது, காலையில எழும்பி பாத்தா முதல்ல இருந்து. அன்னைக்கு பிளேன்டீகூட எறங்கல.

ஆனா உங்க ஷாட்டுக்கு நான்னா சிமுலேஷன் பக்கமே போக மாட்டேன், நெசமா எடுத்து ஒட்டுவேன். ரத்த எலிமெண்ட், அதாவது ஒட்டுறதுக்குன்னே தனியா எடுக்கிற ரத்தம், ஷூட் பண்றது அப்பிடி ஒன்னும் பெரிய வேலையில்ல. கித்துல் மரத்து பாணி கொஞ்சம், செவப்பு ஃபுட் கலர், ஒரு துளி நீலம் இல்லன்னா பச்சை. பாணி ஏற்கனவே மண்ணெறத்துல இருக்கிறதால அடிக்கலர் நல்லா வரும். தண்ணி ஊத்தி கலக்குங்க, கரண்டியில எடுத்து சாய்ச்சா பால் விழற மாதிரி விழணும், பாணி மாதிரி நூல் விடக்கூடாது. பையனோட அதே சட்டையை இன்னொன்னு வாங்குங்க, ஹட்டன் டவுன்ல கெடைக்காதா என்ன, நனைச்சு பிழிஞ்சு உங்க கையில போட்டுக்கிட்டு உள்ள இருந்து ஒரு சிரிஞ்சால, ஊசி இல்லாம, மெதுவா தள்ளுங்க. நனைஞ்ச துணியில அது எப்பிடி பரவுதுன்னு பாத்தா நீங்களே ஆச்சரியப்படுவீங்க. காஞ்ச துணியில ஓரம் கூரா நிக்கும், விளிம்பு இருட்டா இருக்கும். நனைஞ்சதுல விளிம்பே இருக்காது, நூலோட ஓடி மங்கி ரோஸாகி எங்க முடிஞ்சதுன்னே தெரியாது. நல்லா நீளமா எடுங்க, பிறகு அதோட வேகத்தை கூட்டி கொறைச்சு ஷாட்டுக்கு பொருத்தலாம்.

எங்க எடுக்கிறதுன்னா வெளிய, பகல்ல, மூட்டத்துல. நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், வீட்டு டியூப் லைட்டுக்கு கீழ செக்கனுக்கு 120 ஃப்ரேம்ல எடுத்தா படம் மின்னி மின்னி நாசமாகும். தனியா சொட்டு, வழியுற கோடு எடுக்கிறதுக்கு கறுப்பு பின்னணி வேணாம், தடிச்ச ரத்தமும் கறுப்புத்தானே, ரெண்டையும் பிரிக்க முடியாது. வெள்ளை பின்னணி வைங்க, அப்பிடியே பெருக்கிடலாம், பின்னணியை வெட்டி எடுக்கிற தலைவலியே இல்ல. நான் பழைய வெள்ளை ஃபோர்மைக்கா பலகையை கொல்லையில சாச்சு வச்சு எடுத்தேன், நாலாவது டேக்ல கித்துல் பாணி வாசத்துக்கு எறும்பு ஊர்வலமே வந்துடுச்சு, ஒரு எலிமெண்ட்ல இன்னும் ரெண்டு எறும்பு ஓடுது, பெயிண்ட் பண்ணித்தான் எடுக்கணும்.

இந்த மாதிரி சமையலறை சாமான் வச்சு செய்யிறது கேவலம்னு நெனைக்காதீங்க. 1960ல ஹிச்கொக் சைக்கோவுல குளிக்கிற சீனுக்கு ஊத்துனது சொக்லட் சிரப், கறுப்பு வெள்ளை படம்ன்றதால கலர் தேவைப்படல, ஓடுற விதம்தான் தேவைப்பட்டது. அதுக்கு எதிர்ப்பக்கம் 2007ல டேவிட் ஃபின்ச்சர் ஸோடியாக்ல ரத்தத்தை கொம்பியூட்டர்ல போட்டாரு, ஒவ்வொரு டேக்குக்கும் உடுப்பை மாத்தி எடத்தை கழுவிக்கிட்டு இருக்க முடியாதுன்னு. ரெண்டு பேரும் அவங்க ஷாட்டுக்கு எது தேவையோ அதைத்தான் செஞ்சிருக்காங்க.

ஒட்டுறப்ப ட்ராக்கிங், அதாவது கை அசையுறதுக்கு ஏத்த மாதிரி ரத்தமும் அசையணும். முன்னங்கை தட்டையா இல்லையே, உருண்டு திரும்புது, அதனால ஒரே ட்ராக்ல முழுக் கையையும் பிடிக்க பாக்காதீங்க. மணிக்கட்டு பக்கம் ஒன்னு, முழங்கை பக்கம் ஒன்னுன்னு ரெண்டு ப்ளேனார் ட்ராக் (ஒரு தட்டையான பரப்பை பின்தொடர்றது) எடுத்து நடுவுல வளைச்சு வார்ப் பண்ணுங்க. ரத்தம் தோல்ல இருந்து ஒரு பிக்சல் வழுக்கினாலும் கண்ணு பிடிச்சிடும்.

நீங்க போன்ல எடுத்ததா சொன்னீங்க. போன் தானாவே படத்தை ஷார்ப் பண்ணும், சட்டை விளிம்புல மெல்லிசா வெள்ளைக் கோடு தெரியுது பாருங்க. உங்க ரத்தத்துலயும் அதே அளவு ஷார்ப்பனிங் போடணும், இல்லன்னா அது மட்டும் வேற கெமராவுல எடுத்த மாதிரி மெத்துன்னு இருக்கும். ஷட்டரையும் பாருங்க, போன் ஆட்டோவுல விட்டா மூட்டமான பகல்லயும் 50ல ஒன்னுல நிக்காது, வேகமா போயிருக்கும், அப்ப மேல சொன்ன 7 சென்டிமீட்டர் கோடு உங்க ஷாட்டுல இன்னும் கட்டையா வரும். தூறல் துளி எவ்வளவு நீளமா பதிஞ்சிருக்குன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி வைங்க. படத்துல பொடிப்பொடியா தெரியுற கிரெய்னும் அந்த ஷாட்டுல இருந்தே எடுத்து மேல போடுங்க.

மண்ணுல விழற சொட்டை பத்தி. நம்ம மலைநாட்டு மண்ணு செவப்பு மஞ்சள் பொட்சொலிக், ஓ/எல் புவியியல்ல பாடமாக்கியிருப்பீங்க. நனைஞ்ச அந்த மண்ணுல ரத்தம் விழுந்தா செவப்பு தெரியவே தெரியாது, ஒரு சின்ன கறுப்பு ஈரப் புள்ளி, அரைக் கணம் மினுங்கிட்டு உறிஞ்சிடும். நீங்க மண்ணு மேல பளிச்சுன்னு செவப்பு குட்டை போட்டிருக்கீங்க, அத எடுத்துடுங்க. செவப்பு தெரியணும்னா தேயிலையில விழ வைங்க. முத்துன எலை மேல மெழுகு மாதிரி இருக்கிறதால சொட்டு ஊறாம உருண்டு நிக்கும், மழைத்தண்ணியோட சேந்து எலை நுனிக்கு ஓடி விழும். அல்லது கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தங்க பின்னால நிக்கிறாங்களே, அவங்க இடுப்புல கட்டியிருக்கிற படங்கு பிளாஸ்டிக்தானே, அதுல பட்டா ஒரு துளியும் ஊறாம அப்பிடியே வழிஞ்சு ஓடும். சட்டை, மண்ணு, எலை, படங்கு, நாலுலயும் நாலு விதமா இருக்கும், உங்க கிளிப் நாலுக்கும் ஒன்னையே வச்சிருக்கு.

அளவு பத்தி என் அபிப்பிராயம், கேட்டா கேளுங்க கேக்காட்டி விடுங்க, கொறைங்க. 1984ல வந்த இந்தியானா ஜோன்ஸ் படம், நம்ம கண்டி பக்கம் வந்து எடுத்தாங்களே அதுதான், அதுல நெஞ்சுக்குள்ள கையை விட்டு இதயத்தை பிடுங்குற காட்சிக்கு அமெரிக்காவுல பெத்தவங்க சண்டைக்கு வந்து, அந்த வருசமே பிஜி 13ன்னு படத்துக்கு குடுக்கிற தணிக்கைத் தரத்துல ஒரு புது வகையே கொண்டு வந்தாங்க. அது ஒரு வித சினிமா. உங்க படத்தை பாக்கப்போறது லயத்துல இருக்கிற நம்ம ஆளுங்க, 77லயும் 83லயும் நடந்த கலவரத்தை நெசமாவே பாத்தவங்க இன்னும் இருக்காங்க, வெட்டுக்காயம் எப்பிடி இருக்கும்னு அவங்களுக்கு தெரியும். அவங்க முன்னால லீட்டர் கணக்குல ஊத்துனா சிரிப்பாங்க இல்ல எழும்பி போயிடுவாங்க.

கடைசியா ஒன்னு, ரெண்டர் எடுத்தவுடனே வட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி, வாங்குற போன்ல ப்ரைட்னஸை கொறைச்சு பாருங்க, எப்பிடியும் முக்கால்வாசி பேரு அப்பிடித்தான் பாக்கப்போறாங்க. வீடியோ சுருக்கறப்ப வெளிச்ச விவரத்தை காப்பாத்தி கலர் விவரத்தை கால்வாசியா கொறைச்சிடும், அதுல முதல்ல அடிபடுறது கடுமையான செவப்புத்தான், கட்டம் கட்டமா உடையும். ரத்தத்தோட உருவம் செவப்பை மட்டும் நம்பி இருந்தா போன்ல அது ஒரு செவப்புக் கட்டி. அதனால ஷாட்டை ஒருக்கா கறுப்பு வெள்ளையாக்கி பாருங்க, அதுலயும் மணி, கோடு, ஈரம் மூனும் தனித்தனியா தெரிஞ்சா போன்லயும் தெரியும். தெரியாட்டி கலரை தொடாதீங்க, தடிப்பு மேப்புக்கும் மினுக்கத்துக்கும் திரும்பி போங்க.